அறுபத்தைந்தாவது கிலோமீற்றரில் தண்ணீர்

மனிதர்கள் கலியாணப் பேச்சில் சொல்லுகிற பொய்களைவிடப் பிரயாணப்படி விண்ணப்பத்தில் சொல்லுகிற பொய்கள் அதிகம். அனுபவத்தில் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்காய்வாளராக இருந்து, மற்றவர்கள் போனதாக எழுதிய தூரத்தையும் உண்மையில் போன தூரத்தையும் ஒப்பிட்டே தலைமயிரை இழந்தவன் நான். (மிச்சத்தை எண்ணுவது இப்போது சுலபம் என்பாள் மனைவி.) சும்மா ஒருவனும் தூரம் போகமாட்டான். போனால், அங்கே காசு இருக்கும், அல்லது ஒரு பெண் இருப்பாள். இது நான் உத்தியோகத்தில் கண்டுபிடித்த விதி.

இந்த விதியையும் இதன் தம்பி தங்கைகளான வேறு விதிகளையும் வைத்துக்கொண்டு என் மகள் தர்ஷினிக்கு வந்த நான்கு சம்பந்தங்களைக் குழப்பியிருந்தேன். ஒரு மாப்பிள்ளையின் குறிப்பில் உயரம் ஐந்தடி எட்டங்குலம் என்று இருந்தது. எங்கள் வாசல் நிலையில் நான் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த பென்சில் கோட்டுக்கு அவர் ஒன்றரை அங்குலம் கீழே நின்றார். அதைச் சபையில் சொன்னேன். அவர்கள் தேநீரைத் தொடாமலே எழும்பிப் போனார்கள்.

ஐந்தாவதாக வந்தவர் நிரோஷன். கொட்டாஞ்சேனைப் பெடியன், கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை, பத்துப் பொருத்தத்தில் எட்டு. படங்கள் கைமாறின, பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் கதைத்துப் பார்க்கட்டும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார்கள் என்று ஒழுங்கு. கதைக்கத் தொடங்கி இரண்டு கிழமையில், போன் அடித்தால் மகள் சிரித்துக்கொண்டு எழும்பிப் போகிறாள். முன்னைய நான்கில் இது ஒரு தடவைகூட நடக்கவில்லை.

மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "இஞ்ச பாருங்கோ, இதையும் குழப்பினீங்களெண்டால் பிள்ளை இனி ஒருத்தரையும் பார்க்கமாட்டாள். எனக்கே சொல்லிப்போட்டாள்."

மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். "அப்பா, இந்த முறை ஒண்டையும் எண்ணாதேங்கோ." அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

நானும் எண்ணாமல்தான் இருந்தேன். ஆனால் மாப்பிள்ளை சனிக்கிழமை தவறாமல் விடியமுன் எழும்பிப் பெந்தோட்டைக்குப் போகிறார், காலில் பலகையை மாட்டி, விசைப்படகு இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வழுக்கி விளையாடுகிறார் என்று மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னாளே, அங்கேதான் பிடித்தது சனி.

கொட்டாஞ்சேனையிலிருந்து பெந்தோட்டை அறுபத்தைந்து கிலோமீற்றர். தண்ணீருக்காக என்றால், அந்தப் பெடியனின் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் துறைமுகம். காலி நகருக்குப் போகிற வீதியில் இறங்கினால் வலது கைப்பக்கம் முழுக்கக் கடல். வழியில் பேரை வாவி, வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், பாணந்துறைப் பாலத்தடி, களுகங்கை. ஐந்து தண்ணீரைக் கடந்து ஆறாவது தண்ணீருக்கு ஒரு மனிதன் போகிறான் என்றால், அவன் தண்ணீருக்குப் போகவில்லை. படுக்கையில் கிடந்து இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். விடை ஒன்றுதான். பெண்.

அவர்கள் வருவதற்கு முந்திய நாள், சனிக்கிழமை, களுத்துறையில் செத்த வீடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கிரிக்கெட் பார்க்க வாங்கிய தொலைநோக்கியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அதிகாலை ரயில் ஏறினேன். (செத்த வீடு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.) பெந்தோட்டைக்கு முந்திய அளுத்கமவில் இறங்கி ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன். கடலுக்குப் போகமுன் ஆறு அங்கே வாவிபோல அகன்று கிடக்கிறது. ஒரு சுருக்கமில்லை. இஸ்திரி போட்டுவிட்டது போன்ற தண்ணீர்.

தூரத்தில் ஒரு வெள்ளைப் படகு. அதற்குப் பின்னால், கயிற்றின் நுனியில், படத்தில் பார்த்த அதே மாப்பிள்ளை. படகை ஓட்டுவது ஒரு நண்பர். அவருக்குப் பக்கத்தில் அகன்ற தொப்பி போட்ட ஒரு பெண். (நான் சொல்லவில்லையா?)

முகம் தெரியவில்லை. கரையில் முதலை காட்டுவதற்காகச் சுற்றுலாக்காரரை ஏற்றும் மோட்டார்ப் படகு ஒன்று நின்றது. எனக்கு முதலை வேண்டாம், அந்த வெள்ளைப் படகுக்குக் கிட்டே போகவேண்டும் என்று உத்தியோகத்தில் பழகிய என் கந்தோர்ச் சிங்களத்தில் படகுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்கு ஒரு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கினார்.

முதல் சுற்றில் தொப்பி மட்டும் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு கை. அந்தக் கையில் போன். மூன்றாவது சுற்றில் மாப்பிள்ளை குப்புற விழுந்தார். எழும்பி மறுபடி கயிற்றைப் பிடித்தார், நாங்களும் மறுபடி சுற்றினோம், அவரும் மறுபடி விழுந்தார். விளையாட்டிலும் கெட்டிக்காரன் இல்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஏழாவது சுற்றில் அவர் மூன்றாம் தரம் விழ, வெள்ளைப் படகு நேரே எங்களை நோக்கி வந்தது.

தொப்பிக்குக் கீழே இருந்தவர் படகோட்டிய நண்பரின் தாயார். அறுபது வயதுக்குக் குறையாது. அவர் ஆங்கிலத்தில் தொடங்கிச் சிங்களத்தில் முடித்த பேச்சின் சாரம் இதுதான்: இந்த விளையாட்டுக்குச் சிற்றலைகூட ஆகாது, வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும், காற்றுக்கு முன்னால் அசையாமல் கிடக்கும் இந்தக் கொஞ்ச நேரத் தண்ணீருக்காகத்தான் இவர்கள் கிழமைக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வருகிறார்கள், இன்றைக்கு அது முழுவதையும் நீர் ஒருவரே கடைந்து முடித்துவிட்டீர்.

அப்போதுதான் விளங்கியது. கடலும் கால்வாயும் வழியெல்லாம் கிடக்கின்றன, அசையாத தண்ணீர் இங்கே மட்டும். பெண் இல்லை, காசு இல்லை. என் விதியில் இப்படி ஒரு கட்டமே இருக்கவில்லை.

மரியாதையாக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழும்பி நின்றேன். நான் ஏழு சுற்றில் உண்டாக்கி வைத்திருந்த அலைகளில் ஒன்று அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தது. "ஐயோ முருகா" என்றபடி தண்ணீருக்குள் போனேன். நீந்திவந்து, சட்டைக் கொலரில் பிடித்து, பூனைக்குட்டியைப்போல என்னைத் தூக்கியவர் நிரோஷன்.

"அங்கிள் தமிழோ? ஆரைத் தேடி வந்தனீங்கள்?"

கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. "குருவி," என்றேன். "குருவி எண்ண வந்தனான்."

"எங்க இருந்து?"

"வெள்ளவத்தை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குருவி எண்ணவோ இவ்வளவு தூரம்? ஏன் அங்கிள், வெள்ளவத்தையில காகம் இல்லையோ?"

இதே விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்.

இந்தக் கோலத்தில் ரயிலில் ஏற்றமாட்டார்கள், நானும் வெள்ளவத்தை வழியாகத்தான் போகிறேன் என்று சொல்லி, ஆசனத்தில் துவாயை விரித்து என்னைத் தன் காரில் ஏற்றினார். நான் மறுத்த மறுப்பெல்லாம் பணிவு என்று நினைத்துக்கொண்டார். களுத்துறையில் நிறுத்தித் தேநீர் வாங்கித் தந்தார். தன்னுடைய ஒரு காலை நேரத்தையே நாசமாக்கியவனுக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்கிற மனிதரை அன்றுதான் கண்டேன்.

"நாளைக்கு உங்கட பக்கம்தான் ஒரு பிள்ளையைப் பார்க்க வாறம்," என்றார். "தகப்பன் கணக்குப் பார்க்கிற ஓடிட்டராம். எல்லாத்தையும் எண்ணுவாராம். கொஞ்சம் பயமாத்தான் கிடக்கு."

நான் தேநீரில் மிதந்த ஒரு தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை சனிக்கிழமை இவ்வளவு தூரம் போறது பிடிக்காட்டில் இப்பவே சொல்லுங்கோ எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான். அவ சொன்னா, போங்கோ, ஆனா வந்து முழுக்கதையும் சொல்லவேணும் எண்டு. அதுதான் படகில இருந்த அன்ரி எடுத்த வீடியோவை இப்ப அவவுக்கு அனுப்பினனான். மூண்டு தரமும் விழுந்தது இருக்கு. நீங்களும் நல்லாத் தெரியிறீங்கள்."

மகள் இப்போது என்னைக் கண்டிருப்பாள். இனி ஆறாவது சம்பந்தம் என்ற பேச்சே இல்லை. இப்படி ஒருவர் கிடைத்த பிறகு, என் விதியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வந்து, அவரை என் பிள்ளையிடமிருந்து நானே பறித்தாயிற்று. சாயங்காலம் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவருடைய போன் ஒலித்தது. பார்த்துச் சிரித்தார். "படகில நிக்கிறவர் ஆர் எண்டு கேக்கிறா. குருவி எண்ணுற ஒரு அங்கிள் எண்டு எழுதினன்." மறுபடி ஒலித்தது. "எத்தனை குருவி எண்டு கேட்டுச் சொல்லட்டாம்."

மனதில் வந்த எண்ணைச் சொன்னேன். "நாற்பத்தியொண்டு."

அவர் எழுதினார். பதில் வரச் சற்று நேரம் எடுத்தது. "வயசான மனிசனாம், தெருவில இறக்காமல் வீட்டு வாசலிலேயே விடட்டாம். நல்ல மனசு, என்ன அங்கிள்?"

"ஓம் தம்பி," என்றேன்.

அதற்குப் பிறகு பாணந்துறையும் மொரட்டுவையும் எப்போது போயின என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் கடந்த தூரம் அது ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கைக்குள் கார் திரும்பியதும் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். அது ஒரு டொக்டரின் வீடு. வாகனம் நிறுத்துகிற தகராற்றில் ஆறு வருஷமாக அவரோடு பேச்சில்லை. கார் போனதும் வீதியைக் கடந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் நிரோஷன், நான் பத்திரமாக உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் மணியை அடித்தேன். டொக்டர் கதவைத் திறந்தார். காயாத ஈர உடுப்போடு நின்ற என்னைப் பார்த்தார். அவரைச் சுகம் விசாரித்தேன். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அப்பா, அது எங்கட வீடில்லை."

திரும்பினேன். எங்கள் வாசலில் மகளும் மனைவியும் நின்றார்கள். நிரோஷன் காரைவிட்டு இறங்கி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"இவர்தான் அந்த ஓடிட்டர்," என்றாள் தர்ஷினி.

அரைக் காற்சட்டையோடு நின்ற மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப அந்த நாற்பத்தியொண்டு குருவி?"

மகள் சிரிக்கத் தொடங்கினாள். அவரும் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு வருஷம் கதைக்காத டொக்டரும் சிரித்தார். மனைவி மட்டும், செத்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று என்னிடம் விசாரித்தாள்.

கலியாணமாகி ஏழு வருஷம். மருமகன் தன் விளையாட்டுக் கூட்டாளிகளிடம் என் குட்டை உடைக்கவே இல்லை. (என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்.) அவர்கள் என்னைப் பறவை நிபுணர் என்றே நம்புகிறார்கள். அதனால் சனிக்கிழமைகளில் நானும் விடியமுன் எழும்பி, அவ்வளவு தூரமும் போய், கரையில் தொலைநோக்கியோடு உட்காரவேண்டியிருக்கிறது. பறவைகளைப் பற்றி இரண்டு புத்தகம் வாங்கிப் படிக்கவேண்டியும் வந்தது.

போன மாதம் அந்தத் தொப்பி அன்ரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அக்கரையில் கண்டல் மரக் கிளையொன்றில் வெள்ளையாக ஏதோ ஒன்று. என்ன பறவை என்று கேட்டிருந்தார். இரண்டு புத்தகத்தையும் புரட்டிவிட்டு, சின்னக் கொக்கு, குஞ்சு, தலையைச் சிறகுக்குள் வைத்து நித்திரை கொள்கிறது என்று எழுதினேன். எல்லாரும் கைதட்டுகிற படம் அனுப்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை மருமகன் படகில் அந்தக் கிளைக்கே போய், அதைக் கையால் எடுத்து வந்து என் மடியில் வைத்தார். புடைவைக் கடைப் பொலித்தீன் பை.

"மாமா," என்றார், "குஞ்சு முழிச்சிட்டுது."

இப்போது நான் சந்தைக்குப் புறப்பட்டால், கொக்கு எடுத்தீங்களோ என்று மனைவி உள்ளேயிருந்து கேட்கிறாள். பேத்திக்கு அந்தப் பைக்கு வேறு பெயர் இருப்பதே தெரியாது. குசினி லாச்சியை இழுத்தால் உள்ளே இன்றைக்குப் பதினேழு கொக்கு இருக்கிறது.