மோப்பம் பாவாவும் மாமனாரின் காரும்

திருத்தணியில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் நாம் சொல்லாமலே நம் கோளாறு தெரியும். ஒருவர் மலைமேல் இருக்கிறார். இன்னொருவர் அரக்கோணம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் பழைய கார்களை முகர்ந்துகொண்டிருக்கிறார்.

அவர்தான் மோப்பம் பாவா. சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத்தான் தெரியும். பாவா என்றால் தெலுங்கில் அக்கா புருஷன். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அவர் பாவா, என் மனைவிக்கும் பாவா, மாமியாருக்கும் பாவா. உறவுமுறை பார்க்க உட்கார்ந்தால், தாலுகா ஆபீஸ்காரனான என்னாலேயே எங்கள் ஊரில் ஒருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் எழுத முடியாது.

பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்ப்பரேட்டர். அது ஒழுகினால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரைத் தேடுவார்கள். பாவா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பானெட்டுக்குள் குனிவார். ஒரே இழுப்பு. "வாஷர் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் வாஷர் போயிருக்கும்.

அந்த மூக்குக்கு இடைஞ்சலாக எதையும் அண்ட விடமாட்டார். ஒருமுறை நெல்லூர்க் குடும்பம் ஒன்று மலையில் மொட்டை போட்டுவிட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வண்டியைக் கொண்டுவந்தது.

"இத்தினி சந்தனத்துக்கு நடுவுல பெட்ரோல எங்க தேடறது? எல்லாரும் ரோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க!"

வெயிலில் ஐந்து மொட்டைகள் வரிசையாக நின்றன. திருப்பதி பஸ்ஸில் போனவர்கள் ஏதோ புது வேண்டுதல் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஐடிலிங் வைப்பது அடுத்த கூத்து. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடவும் கூடாது, உறுமவும் கூடாது. பாவா ஓடுகிற எஞ்சின் தலையில் தளும்பத் தளும்ப ஒரு கிளாஸ் டீயை வைப்பார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் திருகாணியை இம்மி திருப்புவார். சிந்தாமல் நின்ற பிறகு அதே டீயை எடுத்துக் குடிப்பார். ஒரு முரட்டு ஜீப்புக்கு ஏழு டீ ஆனது.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தாத்தாவின் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மணவூரில் எங்கள் சபையின் கோயில், அதாவது சர்ச். மாமனார் விட்டுப்போன அந்தக் கறுப்புக் காரோ நின்ற இடத்திலெல்லாம் பெட்ரோலைச் சொட்டியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிரை விட்டது. சென்னையில் இரண்டு பேர் பார்த்துவிட்டு, காயலான் கடையைக் கை காட்டினார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் பாவாவிடம் கொண்டுபோனேன்.

குனிந்தார். இழுத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று.

"எங்க பாவா ஒழுகுது?"

"சார், கதவ சாத்துங்க."

கொட்டகைக்குக் கதவே கிடையாது. இருந்த சாக்குப் படுதாவை இழுத்துவிட்டேன்.

"கொரோனா வந்துச்சில்ல, அதோட மூக்கு போச்சு சார். நாலு மாசமாச்சு. கருவாடும் ஒண்ணுதான், ஊதுவத்தியும் ஒண்ணுதான்."

படுதாவை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டேன். "அப்ப இத்தினி நாளா?"

"வேல ஜாஸ்தின்னு பொய் சொல்லி, வர்ற வண்டிய எல்லாம் திருப்பி அனுப்பிகினு கீறேன்."

"எங்க வண்டிய மட்டும் ஏன் வாங்கினீங்க?"

"பாப்பா கண்ணாலம்னு சொன்னீங்களே, எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றார். துணியில் கையைத் துடைத்தபடி, "அதுக்காகத் தெரிஞ்ச மாரி நடிக்கவும் முடியாது. பொண்ணு உக்காரப்போற வண்டி. பெட்ரோலு நெருப்பு சார். எனக்கு ஒரு நல்ல மூக்கு வேணும்."

என் மூக்கை நீட்டினேன். "பொடி போடற மூக்கு வேலைக்கு ஆவாது" என்று தள்ளிவிட்டார்.

நல்ல மூக்கு எங்கள் வீட்டில் இருந்தது. நான் ஸ்டேஷனில் பஜ்ஜி தின்றதை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே கண்டுபிடிக்கிற மூக்கு. அந்தக் காரின் நாற்றத்துக்காகவே அதில் ஏற மறுத்த மூக்கு. போன் செய்து மனைவியை வரவழைத்தேன்.

"அக்கா, மொதல்ல தலையில கீற பூவ எடுத்து அந்தாண்ட வைங்க" என்றார் பாவா. கார்ப்பரேட்டரைத் துணியால் ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்தார். பம்ப்பைக் கையால் அடித்துப் பெட்ரோலை ஏற்றினார். "இப்ப மோந்து பாருங்க. பைப்பாண்ட?"

"இல்ல."

"அடியில?"

"லேசா."

"மூடியாண்ட?"

"ஐயோ சாமி! இங்கதான்!"

மூடியைக் கழற்றினார். உள்ளே, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதுபோல ஒரு பித்தளை மிதவை. அதைக் காதோரம் ஆட்டினார். களக் களக் என்றது. வயிற்றுக்குள் பெட்ரோல்! மிதக்க வேண்டியது முங்கிக் கிடந்தால், வருகிற பெட்ரோல் வழியத்தானே செய்யும்? டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி அதில் போட்டதும் ஓர் இடத்திலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஊசிமுனை ஓட்டை. உள்ளிருந்ததை வடித்து, காயவைத்து, ஈயப்பற்று வைத்தார்.

"கொஞ்சமா வெக்கணும். கனமாச்சுன்னா மறுபடியும் முங்கிடும்."

மாட்டிய பிறகும் என் மனைவி விடவில்லை. "இன்னும் வாசன வருது பாவா."

அவர் சட்டென்று பானெட்டுக்குள் குனிந்தார். "எங்க அக்கா?"

"உங்க சட்டையில."

அன்று பாவா சிரித்த சிரிப்பில் ஐடிலிங் டீ சிந்திவிட்டது. மறுபடி வாங்கிவந்தோம். மூன்றாவது டீயில் எஞ்சின் சமர்த்தானது.

மூக்கு அவருக்கு ஆறேழு மாதத்தில் மெல்லத் திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது இல்லாத நாளில், இல்லை என்று வாய் திறந்து சொன்னாரே, அந்த பாவாவைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

கல்யாணத்தன்று அவரே ஓட்டினார். என் மனைவி முன்சீட்டில், தன் அப்பாவின் காரில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். கோயில் வாசலில் மகளின் முக்காட்டைச் சரிசெய்யும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அருகில் நின்ற பாஸ்டருக்கே அது ஓடுவது தெரியவில்லை.

விருந்துக்கு மூன்று முறை ஆள் அனுப்பியும் பாவா வரவில்லை. "பசங்க வண்டிய சுத்திகினு கீறாங்க, நான் இங்கயே நிக்கிறேன்" என்று சொல்லியனுப்பினார். மேடையில் குடும்பப் போட்டோவுக்குப் பெண்ணின் அப்பாவை எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் வேப்பமரத்தடியில், இரண்டு தட்டுப் பிரியாணியைப் பானெட்டின்மேல் வைத்துக்கொண்டு, பாவாவோடு நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.