இமை இழுக்கும் வெள்ளைச்சாமி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. உங்களைப் பார்த்ததும் கும்பிடமாட்டார்கள், கை குலுக்கமாட்டார்கள். கட்டை விரலால் உங்கள் கீழிமையைப் பிடித்து இழுத்து, உள்ளே என்ன நிறம் என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ‘ப்ச்’ என்பார்கள். அந்த ‘ப்ச்’சுக்குப் பிறகு நீங்கள் பழைய ஆள் இல்லை. காலையில் கல்லுக்குண்டாக இருந்த உங்களுக்கு மத்தியானத்துக்குள் தலை சுற்றும், படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஊரில் இந்த வகைக்கு என்ன பெயரோ தெரியாது. பாம்பூஃப்ளாட்டில் அதற்கு வெள்ளைச்சாமி என்று பெயர்.

வெள்ளைச்சாமி போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வீடு இக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். தினமும் காலை ஃபெர்ரி பிடித்து சாத்தம் ஜெட்டியில் இறங்கி வேலைக்குப் போய், மாலையில் அதே மாதிரி திரும்பி வருகிற, யாருக்கும் தொல்லை தராத மனிதராகத்தான் போன வருஷம் வரைக்கும் இருந்தார். கெடுத்தது ஒரு பயிற்சி முகாம். ‘தனிநபரின் ஊட்டச்சத்து நிலையை மதிப்பிடுதல்’ என்று பேனரில் எழுதியிருந்தது. அதற்குப் போகவேண்டிய அம்மாள் மெயின்லேண்டுக்கு லீவில் போய், கப்பல் கேன்சலாகி, சென்னையிலேயே மாட்டிக்கொண்டார். நாற்காலி காலியாக இருந்தால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? கண்ணில் பட்ட வெள்ளைச்சாமியை அனுப்பிவைத்தார்கள்.

போனவர் ஆளே மாறித் திரும்பினார். எடையை உயரத்தோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது, இமைக்குள் வெளுத்திருந்தால் என்ன அர்த்தம், நகம் குழிந்திருந்தால் என்ன அர்த்தம், காலை அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுவது எதனால் என்று எல்லாம் கற்றுக்கொண்டார். கூடவே ஒரு துணிப்பையும், புஜத்தைச் சுற்றி அளக்கிற சிவப்பு, மஞ்சள், பச்சை நாடா ஒன்றும் கொடுத்தார்கள். அவர் சமோசா வரிசையில் நின்றிருந்த நேரத்தில் மட்டும் அந்தப் பயிற்சியில் இரண்டு விஷயங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, இந்த நாடா ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மட்டும்தான். இரண்டு, ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று ஒருவரைக் கேட்டால், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

சமோசா நன்றாக இருந்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

குழந்தைக்கான நாடாவை வளர்ந்த ஆளின் புஜத்தில் சுற்றினால் என்ன ஆகும்? எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் சிவப்பையும் மஞ்சளையும் தாண்டிக்கொண்டு பச்சைக்குப் போய்விடும். ஆக, வெள்ளைச்சாமியின் கணக்குப்படி தீவில் எல்லோருக்கும் இமை வெளுப்பு, எல்லோருக்கும் புஜம் பச்சை. இது எப்படி ஐயா என்று யாராவது கேட்டால் மனிதர் அசரமாட்டார். “சதை இருக்கு, சத்து இல்ல. அதான் உங்க கேஸு” என்பார். தன் பெயரிலேயே இருக்கிற நிறம் மற்றவர்கள் இமைக்குள் தெரிந்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

ஃபெர்ரியில் அவர் ஏறினால் வெயில் இல்லாத நாளிலும் நாலு பேர் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொள்வார்கள். ஒருநாள் மீன் கூடையோடு வந்த வங்காளி அம்மாளிடம் போய், “தீதி, ஆங்க் திகாவ்” என்று விரலை நீட்டினார். கண்ணைக் காட்டச் சொல்கிறாராம். அந்த அம்மாள் ஒரு சூரை மீனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்து, “பஹ்லே இஸ்கா தேக்கோ தாதா!” என்றாள். முதலில் இதன் கண்ணைப் பார் என்று. பார்த்தார். “இதுக்கு நல்லா சிவப்பா இருக்கே” என்றார் வருத்தத்தோடு. மீன் கண் சிவந்திருந்தால் பழசு என்று படகு முழுக்கத் தெரியும். அன்றைக்கு அவளிடம் யாரும் மீன் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அடுத்த டிரிப்பில்தான் வருகிறாள்.

வைத்தியமும் கையோடு தருவார். கப்பல் வராமல் கடையில் வெங்காயமே இல்லாத வாரத்தில் மாதுளம்பழம் சாப்பிடச் சொல்வார். சிப்பிகாட் என்ற ஊரிலிருந்து கீரைக்கட்டு கொண்டுவருகிற ஆளிடமே கீரை சாப்பிடச் சொல்வார். எதிராளி ஒரு வார்த்தை பேசட்டுமே என்ற எண்ணம் கிடையாது. “சாப்பிட்டாச்சா?” என்பார். நம் ஆட்கள் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? பட்டினி கிடப்பவனும் “ஆச்சு” என்பான். அது பதிலே இல்லை, பதில் வணக்கம். வெள்ளைச்சாமியோ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆகாரம் சரி, சத்து இறங்கவில்லை என்று முடிவு கட்டி, ஜெட்டி வரும்வரை இரும்புச்சத்தைப் பற்றிப் பேசுவார். வீட்டிலும் இதே முறைதான். காலையில் செருப்பில் காலை நுழைத்தபடி மனைவி ஜெயமணியிடம், “நீ சாப்பிட்டாச்சா?” என்பார். “ஆச்சு” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். வீட்டுக் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்டவரை நம்பி ஒரு பெண் தன் புருஷனை ஒப்படைத்துவிட்டுப் போனாள் என்றால் நம்புவீர்களா? போனாள். பக்கத்து வீட்டு ஆசியா. அவள் கணவர் சாகுல் ஹமீதுக்குப் போர்ட் பிளேரில் குடையும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிற கடை. வெள்ளைச்சாமியோடு ஒரே ஃபெர்ரியில், ஒரே பெஞ்சில் போய்வருகிறவர். மகள் ஷமாவின் பிரசவத்துக்காக ஆசியா ராமநாதபுரம் பக்கம் போகவேண்டி வந்தது. கிளம்புகிற அன்று வாசலில் நின்று சொன்னாள்.

“அண்ணே, இவுகளுக்குச் சுகர் இருக்கு. மாத்திரைய மறக்காமப் போட்டுருவாக, சோத்தத்தான் மறந்துருவாக. வெறும் வயித்துல மாத்திரை போட்டா மயக்கம் வந்துரும். தெனமும் சாப்பிட்டாகளான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்கண்ணே.”

“நான் டிரெயினிங் எடுத்தவன்மா. நிம்மதியாப் போயிட்டு வா” என்றார் வெள்ளைச்சாமி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தினமும் காலை ஃபெர்ரியில், “சாப்பிட்டாச்சா பாய்?” என்றார். தினமும் சாகுல் ஹமீது, “ஆச்சுண்ணே” என்றார். பாயின் புஜத்தில் நாடாவைச் சுற்றினார், பச்சை. மாலையில் ஆசியா போன் செய்தால், “பாய் பச்சைம்மா!” என்று முழங்கினார். பாயின் சட்டை தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. இமையைப் பார்த்த மனிதர் சட்டையைப் பார்க்கவில்லை.

இதற்கிடையில், இஞ்சின் சத்தத்தையும் மீறி முருங்கைக்கீரையின் மகிமையைப் படகின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி விளக்கியதில் வெள்ளைச்சாமிக்குத் தொண்டை போய்விட்டது. ஒரு வாரத்துக்கு மூச்சுக் காட்டக்கூடாது என்றார் டாக்டர். செய்தி பரவி, கூலிங் கிளாஸ்கள் கழன்றன.

மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்த வெள்ளைச்சாமி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார்.

“ஆச்சுண்ணே” என்றார் சாகுல் ஹமீது.

வழக்கமாக இந்த இடத்தில் இரும்புச்சத்து தொடங்கும். இன்று தொடங்கவில்லை. வேறு வேலை இல்லாததால் வெள்ளைச்சாமி பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்?

“ஆச்சுன்னா… சாயா குடிச்சேன்.”

வெள்ளைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாயாவோட ஒரு ரஸ்க்கு.”

அதே பார்வை.

“அட, ராத்திரியும் அதாண்ணே! கடைய மூடிட்டு வந்து ஒத்த ஆளுக்கு யாரு ஒல வைக்கிறது? ஆக்கிவச்சாலும் எதுத்தாப்புல ஆள் இல்லாம எறங்க மாட்டேங்குது. அவ இருக்கும்போது கொறை சொல்லிச் சொல்லித் திம்பேன். இப்ப யாரைக் கொறை சொல்றது?” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. “மாத்திரை மட்டும் கரெக்டாப் போட்டுர்றேன். ஆசியாகிட்டச் சொல்லிராதீங்க.”

படகு சாத்தத்தில் முட்டி நிற்க, எழுந்த சாகுல் ஹமீது கம்பியைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடித்தார். நல்லவேளை, வெள்ளைச்சாமி அவர் கையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் நாடா இல்லாமல் அந்தப் புஜத்தைத் தொட்டார். எலும்பு கையில் தட்டியது.

அலுவலகம் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரி. சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போயிருந்தால் விழுந்திருப்பார், படகின் விளிம்பில் விழுந்திருந்தால் கடலில் தேட வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் ஆசியா போன் செய்தாள். “அண்ணே, பச்சைதானே?” வெள்ளைச்சாமிக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. கட்டிப்போன தொண்டையில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. “சிவப்பு.”

அன்றிலிருந்து பாய்க்கு இரண்டு வேளையும் வெள்ளைச்சாமி வீட்டில்தான் சாப்பாடு. எதிரே ஆள் இருந்ததால் சோறு இறங்கியது. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. ஊரில் ஷமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தொண்டை சரியானதும் மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? திருந்தினார். அடுத்தவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று, பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் வரை யாரையும் வாய் திறக்கவிடாமல் பேசிக்கொண்டு போகிறார். கூலிங் கிளாஸ்கள் திரும்ப ஏறிவிட்டன.

ஆசியா திரும்பி வருவதற்கு முந்தின ராத்திரி விருந்து. சூரை மீன் குழம்பு. இரண்டு பேரும் வளைத்துக் கட்டினார்கள். மூன்றாவது தடவை குழம்பு கேட்டபோது சட்டியில் கரண்டி தரதரவென்று உரசியது. சாகுல் ஹமீது நிமிர்ந்து, “நீங்க சாப்பிட்டீங்களா தங்கச்சி?” என்றார்.

“ஆச்சுண்ணே” என்றாள் ஜெயமணி, சட்டியைச் சாய்த்து வழித்தபடி.

“‘ஆச்சு’ன்னு சொன்னா நம்பவே கூடாது பாய். அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வரேன்” என்ற வெள்ளைச்சாமி குழம்பைப் பிசைந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஜெயமணி “ஆச்சு” என்று சொன்னது இது முதல் தடவை இல்லையே. முன்னால் வாசலில் அவர் செருப்பு மாட்டுகிறபோது சொன்னாளே, அப்போது அதை நம்பிவிட்டு அடுத்த வரிக்குப் போனது யார்? கண்ணாடி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் பாருங்கள், வெள்ளைச்சாமியின் கட்டை விரல் உங்கள் கையிலும் இருக்கும்.