கம்பெனியைக் காலி செய்த கால் நகம்

கால் நகம் வெட்டத் தெரியாது என்று உலகத்தில் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். நானும் அந்தக் கூட்டம்தான்.

பெண் பார்த்துவிட்டு வந்தேன்; செல்வி வீட்டாருக்கு என்னைப் பிடித்துவிட்டது. தேதி குறிக்குமுன், விஸ்வநத்தத்தில் இருக்கும் தன் பட்டாசுக் கம்பெனியைப் பார்க்க வரச் சொன்னார் அவளுடைய அப்பா. மாப்பிள்ளை என்றால் உச்சி முதல் பாதம் வரை பளபளக்க வேண்டாமா? பெருவிரல் நகத்தின் ஓரங்களைப் பிளேடால் தோண்டி வளைத்து வெட்டினேன். அதன்மேல் இறுக்கமான கூர்மூக்கு ஷூ வேறு (தள்ளுபடியில் அந்த சைஸ்தான் இருந்தது). வளர்ந்த நகம் போக வழியில்லாமல் சதைக்குள் இறங்கி, விரல் தக்காளியாகிவிட்டது. நொண்டி மாப்பிள்ளை என்று தெரிந்தால் சம்பந்தம் போச்சே! பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசலிலேயே மாமனார் நிறுத்தினார். "ஷூவ இங்கனயே கழட்டிருங்க மாப்ளே. வெடிமருந்து புழங்குற இடம்."

கழற்றினேன்.

"சாக்ஸையும்."

அப்பாவோடு வந்திருந்த செல்வி விரலைப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, இம்புட்டு வீங்கியிருக்கு?"

"பிறந்ததுலேருந்தே அப்படித்தான்" என்றேன். (புத்திசாலி!)

உள்ளே போனதும், ஏதோ காட்டத் திரும்பிய மாமனாரின் குதிகால் நேராக என் பெருவிரல்மேல் இறங்கியது.

"ஐயோஓஓ!"

பட்டாசுக் கம்பெனியில் இப்படிக் கத்தினால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. போட்டது போட்டபடி அத்தனை பேரும் ஓடினார்கள். மாமனார் மகளை இழுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் பாய்ந்தார். நான் மட்டும் ஒற்றைக் காலில் நின்றேன்.

தூரத்திலிருந்து ஓர் அக்காவின் குரல்: "எந்த ரூமுலய்யா தீ?"

"ரூம் இல்லக்கா... நகம்."

வெளிறிய முகங்களோடு திரும்பி வந்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாமனாருக்கு மூச்சு வாங்கியது. "ஒத்த நகத்துக்கு கம்பெனியவே காலி பண்ணிட்டீகளே! இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது."

செல்விதான் குறுக்கே வந்தாள். "எல்லாரும் ஓடுனோம். ஓடாம நின்னது இவுக ஒருத்தர்தானப்பா."

"ஓட முடியலைங்க" என்றேன். அன்று செல்வியிடம் நான் பேசிய முதல் உண்மை. அவள் சிரித்துவிட்டாள், மாமனாரும் அடக்கப் பார்த்துத் தோற்றார்.

சதைக்குள் போன நகத்தை டாக்டர் வெட்டி எடுத்தார். "நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தைத் தோண்டக்கூடாது, விரல் அசையிற மாதிரி செருப்புப் போடணும்" என்று அவர் சொன்னது செல்விக்கு மனப்பாடம்.

இன்றைக்கும் நான் நகவெட்டியை எடுத்தால் மகள் வாசற்கதவைத் திறந்துவிடுகிறாள். "அப்பா நகம் வெட்டப் போறாக, எல்லாரும் ஓடுங்க!"

வீட்டில் மாமனார் இருந்தால், மெய்யாகவே எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.