முதுகில் எழுதிய உபயம்

இனி யாருக்கும் பயப்படுவதில்லை என்று சேனாதிபதி தீர்மானம் செய்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே செய்த தீர்மானம் அது. மனசுக்குள்தான் செய்தார். வாய்விட்டுச் சொன்னால் அடுப்படிக்குக் கேட்டுவிடும்.

அந்தத் தலையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பழனியில் தெருவில் நடமாடும் தலைகளில் பாதி சந்தனம் பூசிய மொட்டை. அந்தக் கூட்டத்தில் சேனாதிபதியின் கிராப்பு மட்டும் கன்னங்கரேலென்று, அலை அலையாக, கடல் வழிதவறி ஊருக்குள் வந்துவிட்டதைப் போலத் தெரியும். கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தும்போது பையன்கள் பாதி நேரம் பாடத்தைக் கவனிப்பார்கள், மீதி நேரம் அந்தக் கிராப்பைக் கவனிப்பார்கள்.

தீர்மானத்துக்குக் காரணம் பிரின்சிபால் சுவாமிநாதன். சேனாதிபதி கல்லூரி விளையாட்டு கிளப்பின் தலைவர். கொடைக்கானலில் சீசன் சமயத்தில் கால்பந்துப் போட்டி நடக்கும். போன வருஷம் நம் பையன்கள் கிழிந்த பனியனோடும் வெறுங்காலோடும் மலையேறினார்கள். கோல் கீப்பர் குளிர் தாங்காமல் இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றான். பந்து போவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் சட்டையும் பூட்ஸும் இல்லாம ஒரு பயலும் பஸ் ஏறப்படாது" என்று போன வாரம் பிரின்சிபால் சொல்லிவிட்டார். "ஸ்பான்சர் பிடிங்க சார். முடியலைன்னா சொல்லிடுங்க, கிளப்பைக் கெமிஸ்ட்ரிக்காரர்கிட்டக் குடுத்துடறேன்."

கெமிஸ்ட்ரிக்காரருக்கு வழுக்கை. அவரிடம் தோற்பதா?

பழனியில் ஸ்பான்சருக்குப் பஞ்சமில்லை. உபயம் என்று சொல்லிவிட்டால் மணி, குடை, தண்ணீர்த் தொட்டி, எது வேண்டுமானாலும் கொடுப்பார்கள், பேரை எழுத இடம் இருந்தால். ஆனால் கால்பந்துக்கு உபயம் செய்கிற அளவுக்குப் பெரிய கை அடிவாரத்தில் இரண்டுதான். இரண்டும் பஞ்சாமிர்தக் கடை. ஒன்று, மனைவி சண்முகசுந்தரியின் அண்ணன் நாச்சிமுத்துவுடையது. 'எங்க அண்ணன்கிட்டப் போயி எதுக்கும் நிக்கப்படாது' என்று கல்யாணமான புதிதிலேயே அவள் உத்தரவு போட்டிருந்தாள். இன்னொன்று எதிர்வரிசையில் கந்தவேலுடையது. படியேற வந்த யாத்திரிகர் ஒருவரின் வலது கையை ஒரு கடையும் இடது கையை ஒரு கடையும் பிடித்து இழுத்த நாளிலிருந்து இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மச்சானிடம் கேட்டால் மனைவி விடமாட்டாள். கந்தவேலிடம் கேட்டது தெரிந்தால் மச்சானும் விடமாட்டார். மனைவியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

"என்னங்க, ஒரு வாரமாப் படுக்கையில புரண்டு புரண்டு கெடக்கீங்க?" என்று இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள் சுந்தரி.

"புழுக்கம்."

"நேத்து மழையில்ல பேஞ்சுச்சு?"

"மழைப் புழுக்கம்."

"அப்படி ஒண்ணு இருக்கா? சரி, தலகாணி உறையப் பாத்தீங்களா? செக்குல போட்ட துணியாட்டம் கெடக்கு. வெளுத்து வெளுத்து என் கை ஓஞ்சுபோச்சு. அந்தக் கிராப்பக் கொஞ்சம் கொறச்சா குடியா முழுகிரும்?"

"சுந்தரி, ஒரு ஆம்பளைக்கு..."

"வெரசாச் சாப்புட்டுச் சோலியப் பாருங்க. எங்க இன்னைக்கு இம்புட்டு வெள்ளனே?"

"லைப்ரரிக்கு" என்றார் யாருக்கும் பயப்படாத சேனாதிபதி.

குடையை மச்சான் கடைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடிவாரத்தில் நடந்தார். வெயிலோ எதிர்ப்பக்கம். கந்தவேல் கடையைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார், மறுபடி தாண்டினார். கடைசியில் ஒரு பெரிய யாத்திரைக் கூட்டம் வந்தது. அதற்குள் புகுந்து, ஒரே மூச்சில் கடைப் படியேறினார்.

"வாங்க வாங்க! எதிர்க்கடை மாப்ளயா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வரவேற்றார் கந்தவேல்.

"மெதுவா, மெதுவா."

"ஏங்க, தொண்டை சரியில்லையா? ஒரு வாய் பஞ்சாமிர்தம் சாப்புடுங்க."

"ஒரு உதவி. எங்க காலேஜ் டீம் கொடைக்கானலுக்கு..."

"சட்டைதானுங்களே? குடுத்துட்டாப் போச்சு."

சட்டை என்ற வார்த்தை இன்னும் சேனாதிபதியின் வாயிலிருந்து வந்திருக்கவில்லை. பயந்தவன் காதில் இதெல்லாம் ஏறாது. கண் முழுக்க எதிர்க்கடையில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. முதுகுல நம்ம உபயம்னு போட்ருவோம். பெரிசா. எதிர்வரிசையில நிக்கிறவன் கண்ணாடி இல்லாமப் படிக்கணும்."

எந்த எதிர்வரிசை என்று கேட்க சேனாதிபதிக்குத் தைரியம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

சட்டைகள் வந்தன. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். முதுகு நிறையச் சிவப்பில், 'உபயம்: கந்தவேல் பஞ்சாமிர்தக் கடை, அடிவாரம்.' அதைவிட ஆச்சரியம், அடுத்த நாளே ஒரு மாட்டுவண்டி கல்லூரி வாசலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் போனது. உள்ளே டீம் முழுவதற்கும் புத்தம் புது பூட்ஸ். கொடுத்தவர் பேர் கிடையாது. பழனியில் பேர் போடாமல் உபயம் செய்கிறவர் ஒருவர்தான், அவர் மலைமேல் நிற்கிறார் என்று முடிவுசெய்து, சேனாதிபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சுந்தரி காப்பியை நீட்டினாள்.

"நானும் கொடைக்கானல் வாரேன்."

"எதுக்கு?"

"ஏரி பாக்க. மேட்ச்சும் பாப்பேன்ல? அண்ணனும் வாராரு."

டம்ளர் தரையில் உருண்டது. "புழுக்கம்" என்றார் சேனாதிபதி.

வத்தலக்குண்டு சுற்றி மலையேறியது பஸ். முன்வரிசையில் அண்ணனும் தங்கையும் முறுக்குத் தின்றுகொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் கீழே பள்ளத்தைப் பார்த்தார் சேனாதிபதி. பள்ளம் அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. பின்வரிசைக்குத் தள்ளாடிப் போய், டீம் கேப்டன் வேலனின் காதைக் கடித்தார்.

"கம்பளியப் போத்திக்கிட்டே ஆட முடியுமாப்பா?"

"எப்படி சார் ஓடறது?"

"அப்ப முதுகக் காட்டாம ஆடுங்க."

"முன்னால ஓடுனா முதுகு தெரியுமே சார்."

"பின்னால ஓடுங்க."

"அங்க நம்ம கோல் இருக்கு சார்."

மைதானத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. ஆட்டம் தொடங்கியதும் ஏரிப்பக்கமிருந்து வெண்புகை போல மஞ்சு இறங்கியது. பந்து தெரியவில்லை. ஆள் தெரியவில்லை. எங்கோ விசில் கேட்டது, எங்கோ "ஏலே, பந்து எங்கலே?" என்று வேலன் கத்தினான். பார்க்க வந்த ஜனங்களெல்லாம் சலித்துக்கொண்டார்கள். அந்த மலையிலேயே சந்தோஷமாக இருந்த மனிதர் சேனாதிபதி ஒருவர்தான். 'முருகா, இப்படியே வச்சிரு' என்று வேண்டினார்.

முருகனிடம் வேறொரு வேண்டுதல் முந்திவிட்டிருந்தது. திரையை இழுத்தாற்போல் மஞ்சு விலகியது. எதிரணிக்கு ஃப்ரீ கிக். அதைத் தடுக்க நம் பையன்கள் தோளோடு தோள் சேர்த்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். உபயம், உபயம், உபயம். வெயிலில் பளபளத்தது கந்தவேல் கடை.

நாச்சிமுத்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். சேனாதிபதி கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ள."

"மச்சான், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"காலப் பாருங்க மாப்ள, காலு! அம்புட்டும் நம்ம பூட்ஸ். எதிர்க்கடைக்காரன் சட்டை குடுத்துட்டானாம், சட்டை. சட்டையா கோல் போடும்?" அவர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். "ஏலே வேலா! ஒதைலே!"

சேனாதிபதி ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இதெல்லாம் உனக்கு முன்னாலயே எப்படித் தெரியும்?"

"நீங்கதான் ராத்திரியில எல்லாத்தையும் ஒப்பிச்சீங்களே. 'கெமிஸ்ட்ரிக்காரர்கிட்டக் குடுத்துராதீங்க'ன்னு தூக்கத்துல அழுகை வேற. தமயந்திகிட்டச் சொன்னேன், அவ அவ வீட்டுக்காரரு கந்தவேலண்ணன்கிட்டச் சொன்னா. அவரு சட்டைக்குத் தலையாட்டுனதும் எங்க அண்ணன் காதுல போட்டேன். நாங் கேக்கவே இல்ல. பூட்ஸு தானா வந்துச்சு."

"அவங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் பேச்சே கிடையாதே?"

"ஆம்பளைங்களுக்கு. தமயந்தி மெசின்லதான் நான் தையலே படிச்சேன். அந்தச் சட்டையெல்லாம் யாரு தச்சதுன்னு நெனச்சீங்க?"

"இத்தனை நாளும் என்னை ஏன் இப்படிப் பயமுறுத்தினே?"

"நான் எங்கங்க பயமுறுத்துனேன்? பயந்தது நீங்க."

அதுவும் நியாயம்தான். யோசித்துப் பார்த்தால், அவர் வாழ்க்கையில் அவரைப் பயமுறுத்திய ஆட்களைவிட, அவர் பயந்துகொண்ட ஆட்களே அதிகம். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் சேனாதிபதி வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து வேலன் கோல் போட்டான். மச்சான் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டார்.

"ஊருக்குப் போனதும் ஒரு வேண்டுதல் இருக்குங்க" என்றாள் சுந்தரி.

"தாராளமா. என்னன்னு வேண்டிக்கிட்டே?"

"உபயம் கெடச்சு, மேட்ச்சு நல்லபடியா நடந்தா முடி எறக்குறதா."

சேனாதிபதி அவளுடைய நீளமான பின்னலைப் பார்த்தார். மனசு கரைந்துவிட்டது. எனக்காக எவ்வளவு பெரிய தியாகம்! "வேண்டாம் சுந்தரி. நுனியில கொஞ்சம் வெட்டிப் பூமுடி குடுத்தாப் போதுமான்னு ஐயர்கிட்டக் கேட்டுப் பாக்கலாம். உன் முடி போனா நான் தாங்க மாட்டேன்."

"என் முடி எதுக்குங்க? டீம் உங்களுது, உபயம் உங்களுது. முடி மட்டும் என்னுதா?"

திரும்பவும் மஞ்சு இறங்கியது. இந்தத் தடவை சேனாதிபதிக்கு மட்டும்.

சாமி காரியத்தில் மறுப்புச் சொல்லப் பழனிக்காரனால் முடியுமா? அடிவாரத்து முடிக்கொட்டகையில் அவர் குனிந்து உட்கார்ந்தபோது டீம் மஞ்சள் சட்டையோடு சுற்றி நின்றது. கடல் வற்றியது. கெமிஸ்ட்ரிக்காரர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவரைப் போல வந்து, "வாங்க சார்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, சந்தனம் காய்ந்த தலையைச் சாய்க்கப் போனார் சேனாதிபதி. தலையணைக்குப் புது உறை போட்டிருந்தது. மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள்.

"சட்டைத் துணியில மிச்சமா?" என்று பலவீனமாகக் கேட்டார்.

"மிச்சமில்லீங்க. மொதல்ல தச்சதே அதுதான்" என்றாள் சுந்தரி. "லைப்ரரிக்குன்னு கெளம்புனீங்களே, அன்னைக்கு வெள்ளனேயே தச்சு வச்சுட்டேன்."