‘ரே’ என்று தட்டினால்

பதினேழு ரேடியோக்களில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று நம்மவர் சபதமே எடுத்துவிட்டார். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் எடுக்கும் வழக்கம் கல்யாணத்தோடு போயிற்று.

சனிக்கிழமை வீடு மாற்றம். புது வீடு சின்னது. பாடாத ரேடியோ ஒன்றுகூட அங்கே வரக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு. பதினேழில் எதுவும் பாடாது; சில இருமும். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். நாலாயிரம் மாத்திரையில் எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை வலைப்பக்கம் செய்வது. அதையே கையில் எடுத்தார்.

நாற்பது அட்டைப்பெட்டியில் எது எங்கே என்று தேட ஒரு பக்கம். கட்டத்தில் ஓர் எழுத்து தட்டினால் போதும், மீதியை அதுவே ஊகித்து, பெட்டி எண்ணோடு கீழே விரிக்கும். ரேடியோவை மட்டும் காட்டாது. அவை ‘போர்வை’ என்று எழுதிய 31, 32ஆம் பெட்டிகளில் பதுங்கியிருந்தன. பட்டியலில் சேர்க்காமலே விட்டிருக்கலாம். ஆனால் சேர்த்து மறைப்பதில்தானே கலைஞன் தெரிகிறான்!

மனைவி ‘க’ தட்டினாள். கரண்டி, கத்தரிக்கோல், கடிகாரம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“அடேயப்பா! எப்படிங்க இது?”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டியல் எங்கே இருக்கிறது, புது வரியை எப்படிச் சேர்ப்பது என்று திறந்து காட்டினார். “எந்த எழுத்துக்கு எதைக் காட்டணும், எதைக் காட்டக்கூடாதுன்னுகூட இங்க எழுதி...” நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எழுதி?”

“ஒண்ணுமில்ல.”

அவள் ‘ரே’ தட்டினாள். கட்டம் கம்மென்று இருந்தது.

“ஏங்க, ‘ரே’ல ஒண்ணுமே வரலியே?”

“நம்ம வீட்ல ‘ரே’ல எந்தச் சாமானும் இல்லியே.”

“உங்க ரேசரு? பதிமூணாம் பெட்டில நான்தானே போட்டேன்?”

“அது... சின்னப் பிழை. சரி பண்ணிடறேன்.”

“மெதுவா பண்ணுங்க” என்றாள் அவள். குரலில் தேன் வடிந்தது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை, புது வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு 31ஐப் பிரித்தார். போர்வை. 32ஐப் பிரித்தார். அதிலும் போர்வை. மனைவியைக் கேட்க முடியுமா? தன் பக்கத்திலேயே ‘ரே’ என்று தட்டினார்.

ரேசர் – பெட்டி 13.
ரேடியோ (17) – பழைய சாமான் கடை, வெள்ளி காலை பத்தரை மணி.

ஓர் எழுத்துப் பிசகில்லை. அவர் போட்ட தடையை எடுத்திருந்தாள், வரியைத் திருத்தியிருந்தாள். பதினைந்து வருஷமாக இதே தொழிலில் இருப்பவருக்கு அழக்கூடத் தோன்றவில்லை. பத்தே நிமிஷப் பாடத்தில் இவ்வளவா! எப்படி என்று தன்னையே கேட்டுக்கொண்டு, விரல்போக்கில் ‘எ’ தட்டினார்.

‘எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்காதீங்க’ என்று கீழே விரிந்தது.

எழுந்து கதவைத் திறந்தார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ம...” என்று ஆரம்பித்தார்.

“மன்னிச்சாச்சு” என்றாள் அவள், திரும்பாமலே. “அந்தப் பக்கம் பிடிங்க.”