ஈரக்கையனுக்காக வாதாடிய மிக்சர்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், இருமலுக்கு மருந்தெடுக்கப் போய், சித்திரக்கதை வீரன் ஒருவனுக்கு நடந்த அநியாயத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வராத நோயாளி ஒருவர்கூட இல்லை. காரணம், மிக்சர்.

மிக்சர் என்பது ஆளின் பெயர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அரசாங்க மருந்தகம் ஒன்றில் மருந்து கலந்து கொடுப்பவர். வயிற்றுவலியோ முழங்கால் வலியோ, முதலில் மிக்சர் என்ற இளஞ்சிவப்புக் கலவை மருந்தை ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடித்துச் செத்தவர் இல்லை. சுகப்பட்டவரும் இல்லை என்பார்கள்.

நான் அதே ஊரில் கணக்கு வாத்தியார். இருவரும் காலையில் குருக்கள்மடம் துறையில் பாதை ஏறுவோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அது அக்கரை போய்ச் சேருவதற்குள் அவர் ஒரு வழக்கை நடத்தி முடித்துவிடுவார்.

வழக்கு இதுதான். சென்னையிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஒரு சித்திரக்கதையில் ஐந்து வீரர்கள். தலைவன் வச்சிரன் மலையைத் தூக்குவான். மற்ற மூவரும் பறப்பார்கள், எரிப்பார்கள், மறைவார்கள். ஐந்தாவது ஆள் ஈரக்கையன். அவன் தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரமும் இருப்பான். கதை எழுதியவர்கள் அதை நம்பி அவனைத் தண்ணீருக்கடியிலேயே விட்டுவிட்டார்கள்.

முதல் பக்கத்தில் நால்வரின் பெயரைப் போட்டு, கீழே 'மற்றும் பலர்' என்று போடுவார்கள். மிக்சருக்கு அது தாங்காது.

"சேர், நாலு பேரச் சொல்லியாச்சி. மிச்சம் இரிக்கிறது ஒராள். ஒராளுக்கு எப்பிடிப் பலர் எண்டு போடுற?"

"பெலமிருந்தா முன்னுக்கு வருவான்தானே அண்ணன்," என்பேன் நான்.

"நீங்க கணக்குப் படிப்பிக்கிற ஆள். உங்களோட நியாயம் கதைக்கேலாது," என்று அக்கரை வரும்வரை வேறு பக்கம் திரும்பி நிற்பார். பின்னேரம் திரும்பி வரும்போது புதிய ஆதாரங்களோடு வருவார்.

பிறகு சுனாமியாகக் கடல் வந்தது. கடலோரத்தில் அவர் வாடகைக்கு இருந்த அறையும், அதிலிருந்த புத்தகப் பெட்டியும் போயின. பள்ளிக்கூடமொன்றில் அமைந்த முகாமில் அவர் காயங்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். முகாம் சுவரில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்றை ஒட்டினார்கள். ஒரு மீனவரின் பெயருக்குப் பக்கத்தில் 'மற்றும் குடும்பத்தினர் மூவர்' என்றிருந்தது. மிக்சர் அதை வாசித்தார். பிறகு முகாம் முழுக்க விசாரித்துத் திரிந்து, மறுநாள் மத்தியானம் பேனையால் அந்த மூவரின் பெயர்களையும் எழுதினார். மூன்றாவது ஒரு கைக்குழந்தை. அதை வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் கிடைத்தது. அதையே எழுதினார்.

புத்தகங்கள் மறுபடி வரத் தொடங்கியபோது அவர் வாதாடுவதை நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார். அதற்குள் சண்டையும் மறுபடி தொடங்கியிருந்தது. துறையில் இராணுவச் சோதனை கடுமை. ஒரு பின்னேரம் பாதையால் இறங்கியபோது அவருடைய சட்டைப்பையிலிருந்து கடிதமொன்றை எடுத்து வாசித்தார்கள்.

'ஐயா, ஈரக்கையன் ஏழு மாதமாகத் தண்ணீருக்கடியில் சும்மா இருக்கிறார். அடுத்த மாதமாவது அவருக்கு ஒரு பெரிய தாக்குதலைக் கொடுக்கவும். தலைவர் இதைத் தடுக்கிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம். இங்கே நாங்கள் பலர் இருக்கிறோம்.'

பலர் என்பது பொய். அவர் ஒருவர்தான்.

அவரைச் சோதனைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் இருத்தினார்கள். அந்த நாட்களில் உள்ளே போனவர் திரும்பி வருவார் என்று எவரும் உறுதி சொல்லமாட்டார்கள். பாதையில் வந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். எனக்கும் கால் அப்படித்தான் நடக்கப் பார்த்தது. நான் அதை இழுத்துக்கொண்டு உள்ளே போய், இவரைத் தெரியும் என்றேன்.

"பேர் என்ன?" என்றார் அதிகாரி. தமிழ் பேசுகிற சிங்களவர்.

மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றாகப் போய்வந்த மனிதர். எனக்குப் பெயர் தெரியவில்லை.

"மிக்சர்," என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு மிக்சரைப் பார்த்து, "ஈரக்கையன் இப்ப எங்க?" என்றார்.

"அதத்தான் சேர் நானும் கேட்டு எழுதியிருக்கன்."

என் பையில் ஒரு மாணவனிடம் பறித்த இதழ் இருந்தது. எடுத்து நீட்டினேன். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினெட்டாம் பக்கத்து மூலையில் இருந்த ஈரக்கையனை நான் விரலால் காட்டினேன்.

"இது ஆளா? நான் செடி எண்டு நினைச்சது."

மிக்சர் எழும்பினார். தோளைப் பிடித்து இருத்தினேன்.

"அப்ப ஏன் பின்னுக்கு நிக்கிறது? பெலம் இருந்தா முன்னுக்கு வரும்தானே," என்றார் அதிகாரி.

அது என்னுடைய வாதம். அதை எதிர்த்து மிக்சர் சொன்ன பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சொன்னேன். முன்னுக்கு வர இடம் கொடுப்பது அவனில்லை, எழுதுகிறவன். வச்சிரன் மலையைத் தூக்கினபோது கீழே வெள்ளத்தை அடைத்துக்கொண்டு நின்றது யார்? அந்தப் பக்கத்தையே அவர்கள் வரையவில்லை. வரையாததால் நடக்கவில்லை என்றாகுமா? வகுப்பில்கூடப் பேசாத அளவுக்குப் பேசினேன். மிக்சர் தான் பிடிபட்டிருப்பதை மறந்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தை வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் மிக்சர், "இப்பத்தான் சேர் உங்களுக்கு விளங்கியிரிக்கு," என்றார். நான் மறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரி என்னை நிறுத்தி, இதற்கு முந்தின மாதத்துப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்.

யுத்தம் முடிந்த வருடம் மிக்சருக்கு வாழைச்சேனைக்கு இடமாற்றம் வந்தது. பயணம் சொல்ல என் வீட்டுக்கு வந்தார். கைவசமிருந்த உண்மையை அதற்கு மேலும் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணன், அண்டைக்கு நான் கதைச்சதெல்லாம் உங்கள வெளிய எடுக்கத்தான். எனக்கு இப்பவும் வச்சிரன்தான் பெரிய ஆள்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"தெரியும் சேர். உங்கட நம்பிக்கைக்கு எதிரா ஒருத்தனுக்காக அவ்வளவு நேரம் கதைச்சீங்களே. எனக்கு அது காணும். வேற ஒண்டும் வேணாம்."