படிக்கத்துக்கு எந்தச் சோப்பு?

குளிக்கிற சோப்பையே பார்த்து வாங்கத் தெரியாத மனிதர், பித்தளைக்கு எந்தச் சோப்பு என்று எனக்குப் பாடம் நடத்துகிறார். நடத்தட்டும். தலையாட்டுகிறேன். தலையாட்டத்தானே என்னை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

றம்லத் இதில் ஒரு சொல்லையும் வெளியே விடவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வீட்டுப் பின் விறாந்தையில், மேசையில் இறுக்கிய பஃபிங் மெஷினுக்கு முன்னால் அவள் கணவன் பஹ்மி காலை அகட்டி நின்றான். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கட்டி கட்டியாக மெழுகு. மெழுகுக்குள் அராவும் தூள் கலந்திருக்கும். சுழலும் துணிச் சக்கரத்தில் கட்டியைத் தேய்த்து, பிறகு பாத்திரத்தை அதில் பிடித்தால் பளபளப்பு வரும். கடைகளில் அதற்குப் பெயர் சோப்பு. எந்த நிறம் எதற்கு என்று பெட்டியில் எழுதியிருந்தது. சீன மொழியில்.

"வீடியோ எல்லாம் பாத்து முடிச்சிட்டன்" என்றான் பஹ்மி. "இந்தக் கல்யாணத்தில படிக்கத்தப் பாத்துட்டு எல்லாரும் கேப்பாங்க, யாரு பொலிஷ் பண்ணின எண்டு. அதோட பொலிஷ் கடையத் தொறந்துரலாம்."

மேசையில் இருந்தது மாமியின், அதாவது பஹ்மியின் உம்மாவின், படிக்கம். விருந்தில் கை கழுவும் பித்தளைப் பாத்திரம். வாயைச் சுற்றிப் பூவும் கொடியுமாக வேலைப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கலகெதரயில் பஹ்மியின் அக்கா ஜஹானா ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். படிக்கம் பளபளவென்று போய்ச் சேர வேண்டும் என்பது மாமியின் உத்தரவு.

படிக்கத்தோடு றம்லத்தும் போய்ச் சேர வேண்டும்.

பெண்கள் பக்கத்தில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒருத்தி தண்ணீர் ஊற்றுவாள். கீழே படிக்கத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நகர்வது றம்லத். யாரும் அவளை நியமிக்கவில்லை. புதுப்பெண்ணாக வந்த காலத்தில் ஒரு நாள் பிடித்தாள். அன்றிலிருந்து படிக்கமும் அவளும் ஒரே சாமானாகிவிட்டார்கள். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனில், இந்தக் குடும்பத்து விருந்து எதிலும் அவள் இருந்ததில்லை. எல்லோரும் எழும்பிய பிறகு குசினியில் நின்றபடி அடிச்சட்டிச் சோறு. ஊரார் கை கழுவிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்கு அந்தச் சோறும் தொண்டையில் இறங்காது.

போன கிழமை மாமியிடம் கேட்டுப் பார்த்தாள். "மாமி, இந்த முறை படிக்கத்த வேற யாராவது புடிச்சா..."

"படிக்கம் புடிக்கிறது மிச்சம் நன்மை, மகள்" என்றார் மாமி. அவர் மகள் என்று அழைத்தால் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அவ்வளவு நன்மை என்றால் உங்கள் சொந்த மகளுக்கும் கொஞ்சம் கொடுங்களேன் என்று றம்லத் நினைத்தாள். நினைத்ததோடு சரி. அவளுடைய கோபங்கள் எல்லாம் அப்படித்தான், உள்ளேயே ஊறி உள்ளேயே புளித்தன.

பஹ்மி ஒரு கட்டியை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை முகர்ந்து பார்த்தான்.

"பளீல் நானாக்கு ஒரு கோல் எடுத்துக் கேளு, எந்தச் சோப்பு எண்டு."

எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பளீல், சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். மெஷினும் பெட்டியும் அவர் கடையில் வாங்கியவைதான்.

"நீங்களே கேளுங்களேன்."

"நான் கேட்டா எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நெனப்பார். நீ கேளு. ஒனக்குத் தெரியாது எண்டுதான் எல்லாருக்கும் தெரியுமே."

றம்லத் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"என்னவாம்?"

"கறுப்பு."

"நானும் அதத்தான் நெனச்சன்" என்றான் பஹ்மி.

மெஷின் அலறியது. கறுப்புச் சோப்பு சக்கரத்தில் ஏற, பஹ்மியின் சட்டையிலும் மூக்கிலும் கரி தெறித்தது. படிக்கத்தைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் நிறுத்தி, துணியால் துடைத்துப் பார்த்தான். பித்தளை முழுவதும் பூனை பிறாண்டியது போல வட்ட வட்டமாகக் கீறல். கொடியில் விரிந்திருந்த பூக்கள் தேய்ந்து மொட்டாகியிருந்தன.

"யா அல்லாஹ்! இது என்ன சாம்பல் சட்டி மாதிரி?" மாமி வாசலில் நின்றார். "என்ட உம்மா தந்த படிக்கம்டா இது!"

"உம்மா, இது முதல் கட்டம். அழுக்குக் கழலுது."

"அழுக்கா? பூக் கழலுது மகன்!"

மாமி படிக்கத்தை வாங்கித் தடவினார். கை கரியானது. மேசையில் கிடந்த பச்சைக் கட்டியைச் சடக்கென்று எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"உம்மா, அது சோப்பு இல்ல!"

"நீதானே காலேலேந்து சோப்பு, சோப்பு எண்டு கத்தின!"

தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை. பச்சைதான் வந்தது. மணிக்கட்டு வரைக்கும் வந்தது. தண்ணீர் பட்டதும் அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"கல்யாணத்துக்கு நான் எந்தக் கையோட போறது?" மாமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "மருதாணி எண்டு சொல்லவா? பச்சை மருதாணி எண்டா?"

றம்லத் சிரிக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"நிண்டு பாக்காம, கீறலுக்கு என்ன எண்டு கேளு!" பஹ்மி அவள்மேல் பாய்ந்தான்.

அவள் அறைக்குள் போய் வந்தாள். "வெள்ளையப் போடட்டாம்."

"சக்கரம்? மாத்தணுமா?"

"அதே சக்கரம்தானாம்."

அதே சக்கரத்தில் வெள்ளையை ஏற்றினான். துணிக்குள் புகுந்திருந்த கறுப்புத் தூள் போகவில்லை. வெள்ளையின் மெழுகையும் சேர்த்துக்கொண்டு இன்னும் ஆர்வமாக வேலை செய்தது. பழைய கீறலுக்குக் குறுக்கே புதிய கீறல். மொட்டுகளும் போய்விட்டன. கொடி, யாரோ பென்சிலால் கோடிழுத்து அழித்தது போல் ஆனது.

பஹ்மியின் குரல் கம்மியது. "இன்னொரு தரம் கேளேன்."

கெஞ்சும்போது அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருக்கும். அதைக் கேட்டு எத்தனையோ முறை இளகியிருக்கிறாள். இன்றைக்கும் ஏதோ ஒன்று அசைந்தது. ஆனால் மாமி அந்த நேரம் பார்த்து, "போ மகள், கெதியாக் கேளு" என்றார். அசைந்தது நின்றுவிட்டது.

"நல்லா அமத்திப் புடிக்கட்டாம்" என்றாள் திரும்பி வந்து.

பஹ்மி பிஸ்மி சொல்லி, பல்லைக் கடித்து, முழுப் பலத்தோடு அமர்த்தினான். சக்கரம் படிக்கத்தின் விளிம்பைக் கவ்விப் பிடுங்கியது. படிக்கம் அவன் கையை விட்டுப் பறந்து, சுவரில் மோதி, கழிவுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தபோது அடி பிளந்து வெளிச்சம் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் படிக்கத்தைக் கொண்டுபோக ஜஹானா வந்து சேர்ந்தாள். உம்மாவின் கையைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், படிக்கத்தின் ஓட்டை வழியாகக் கானையும் பார்த்தாள்.

"என்னடா இது?"

"எல்லாம் அந்தப் பளீல் நானாட வேல!" பஹ்மி போனைப் பறித்துக் கத்தினான். "நானா, இப்பவே வீட்டுக்கு வாங்க! ஒங்கட புத்தியக் கேட்டு என்ட மானம் போச்சு!"

ஜஹானா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கணக்காகச் சொன்னாள். "சரி, போனது போகட்டும். டவுன்ல பிளாஸ்டிக் பேசன் ஒண்டு வாங்குவோம். றம்லத் இரிக்கிறாதானே, புடிச்சுக்குவா."

ஜஹானா இதைச் சொல்லும்போது றம்லத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கதிரை இருக்கிறது, பாய் இருக்கிறது என்பது போலத்தான் சொன்னாள்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுத் தொப்பியோடு பளீல் நானா வந்தார். படிக்கத்தைக் கையில் எடுத்து, சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"பித்தளைக்கு எவன் கறுப்புப் போட்ட? மண்ணிறம் எல்லே போடணும்!"

"நீங்கதானே சொன்னீங்க!" வீடே கத்தியது.

"நானா?" பளீல் நானா தொப்பியைக் கழற்றினார். "தங்கச்சி மூணு தரம் கோல் எடுத்தாங்க. மூணு தரமும் ஒரே கேள்விதான் கேட்டாங்க: 'நானா, என்ன செஞ்சா படிக்கம் பழுதாப் போகும்?' எவ்வளவு கவனமான பொம்பள எண்டு நெனச்சி நானும் சொன்னன், கறுப்புப் போட வாணாம், ஒரே சக்கரத்தில ரெண்டு சோப்புப் போட வாணாம், அமத்த வாணாம் எண்டு."

எல்லோருடைய கண்களும் றம்லத்தின் பக்கம் திரும்பின. அவள் கையை நீட்டி மெஷினின் பிளக்கைக் கழற்றினாள்.

வெட்கம் வரும் என்று சற்றுக் காத்திருந்தாள். வரவில்லை. பசிதான் வந்தது.

மாமி முதலில் தேறினார். பச்சைக் கையால் அவள் தோளைத் தொட்டார்.

"சரி மகள். செஞ்சது செஞ்சிட்ட. ஞாயித்துக்கிழம அந்தப் பிளாஸ்டிக் பேசனையாவது ஒழுங்காப் புடி, என்ன?"

"இல்ல மாமி" என்றாள் றம்லத், பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில். "நான் சஹன்ல இரிக்கிறன்."